இரண்டு பிரவுசர், ஒரு செவ்வாய்

எந்த பிரவுசர் நல்லது என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது அலுப்புத்தான் வருகிறது. "எழுதினதை எழுதினபடி காட்டுகிற எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என் அக்காவின் கல்யாணம் இருக்கிறது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. இதுவரை நான் சொன்னதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டு அறை. ஆறு மெஷின், அவற்றில் நாலு ஒழுங்காக ஓடும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று போர்டு வேறு. செருப்புத் தூசியால் கெட்டுப்போன கம்ப்யூட்டரை நான் கண்டதில்லை. கரண்ட் போய்ப் போய் வந்து கெட்டுப்போனவைதான் அதிகம். இண்டர்நெட் ஒரே ஒரு மெஷினில் இருந்தது. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, மோடம் கத்திக் கத்தி ஓய்ந்து, ஒருவழியாக இணைப்பு கிடைக்கும்போது எதற்காக உட்கார்ந்தோம் என்பதே மறந்திருக்கும்.

அந்த மெஷினில் இரண்டு பிரவுசர் இருந்தன. ஒன்று மெஷினோடு சேர்ந்தே வந்தது. மற்றது ஏதோ பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த சிடியில் வந்தது. வலைப்பக்கம் எழுத உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு விதிமுறை உண்டு. எந்தக் குறி எதைச் செய்யும், அதை எப்படித் திறக்க வேண்டும், எப்படி மூட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷினோடு வந்த பிரவுசர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரி. சீட்டில் பாதி எழுதிக் கொடுத்தால் மீதியை அவரே ஊகித்துப் பொட்டலம் கட்டிவிடுவார். சிடியில் வந்தது அப்படியல்ல. விதிப்படி எழுதியிருந்தால் காட்டும், புரியாத குறியைக் கண்டால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பக்கம் கோணல்மாணலாக நிற்கும். "ஸார், இந்த பிரவுசர் சரியில்ல" என்று படிக்க வருகிறவர்கள் சொல்வார்கள். நானும் "ஆமா, அதைத் தொடாதீங்க" என்பேன். சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருப்பவன் சொல்லக் கூடாத பதில். தப்பு பக்கத்தில் இருக்கிறது என்று விளக்க ஒரு மணி நேரம் ஆகும். சோம்பல்தான், வேறென்ன.

அக்காவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா தவறிய பிறகு வீட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சைவ வீடுகளில் பெண்ணின் ஜாதகத்தை அப்பாமார்தான் வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுத் தம் கையால் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். அப்பா அதை எத்தனை முறை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் பார்க்காமலே எழுதினார். டவுண், பேட்டை, தென்காசி, தூத்துக்குடி என்று எல்லா ஊருக்கும் போய்விட்டு வந்தது அந்த ஜாதகம்.

திரும்பி வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: பொருத்தம் இல்லை. அதற்கு மேல் அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. அதுதான் மரியாதை. பெண் உயரம் என்று நினைத்திருக்கலாம், வேலைக்குப் போகிறாள் என்று நினைத்திருக்கலாம், எங்கள் வீட்டு வாசலில் வெள்ளையடிக்காததைப் பார்த்து நினைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில் போதும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, யாருக்கும் எதுவும் தெரியவும் போவதில்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு இரண்டு நாள் வாய் திறக்க மாட்டாள். அப்புறம் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

ஜாதகத்தை இண்டர்நெட்டில் போடலாம் என்றது நான். வெளிநாட்டில் இருக்கிற நம் பையன்கள் அதில் பெண் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இலவசமாகப் பக்கம் போட இடம் தருகிற ஒரு தளத்தில் போட்டு, நம்மவர்கள் நடத்துகிற ஒரு மெயில் குழுவுக்குச் சுட்டியை அனுப்பிவிட்டால் போதும். அக்காவிடம் கேட்டேன். "போடு. அது ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

அப்பாதான் யோசித்தார். "ஏலே, போட்டா வேண்டாம். பொறந்த தேதி, நேரம் எதையும் போடாத. கட்டமும் நட்சத்திரமும் மட்டும் போதும். எவன் எங்கன இருந்து பாப்பான்னு தெரியாது. எவனாவது செய்வினை வச்சுட்டான்னா?"

"அமெரிக்காவுல இருந்தா வைப்பான்?"

"நம்ம ஆளு அங்கன போனா மாறிருவானாக்கும்?"

அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டம் போட்டேன். தமிழில் அடித்தால் அந்தப் பக்கம் எழுத்துரு இல்லாமல் கன்னாபின்னாவென்று தெரியும். அதனால் கிரகங்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் சுருக்கினேன். மேலே நாலு அறை, கீழே நாலு அறை, பக்கத்துக்கு இரண்டு, நடுவே பெரிய அறையில் ராசி என்று ஒரு வார்த்தை, அதன் கீழே அக்காவின் நட்சத்திரம். ஒவ்வோர் அறைக்கும் குறி போட்டுத் திறந்து, குறி போட்டு மூட வேண்டும். அண்ணாச்சி பிரவுசரில் திறந்து பார்த்தேன். அப்பா எழுதியது மாதிரியே இருந்தது. துலா லக்கினம், மிதுனத்தில் செவ்வாய். இன்னொரு பிரவுசரில் பார்க்கவில்லை. அதைத்தான் தொடாதீங்க என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேனே.

இரண்டு மாதம் எதுவும் இல்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. பையன் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான், வீடு பாபநாசம் பக்கம். பக்கத்தை அச்செடுத்து ஊரில் இருக்கிற அம்மாவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தான். அவர்களுடைய ஜோசியர் பார்த்துப் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றிருக்கிறார். நான் அச்செடுத்துக் கொடுத்த அந்த மெயிலை அப்பா இரண்டு முறை படித்தார். முறைப்படி பையன் ஜாதகத்தை வாங்கி நாமும் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். "அவங்க பாத்துட்டாங்கள்ல, போதும். நாம ஒண்ணு கேக்கப் போயி அது ஒண்ணு கெட்டுரும்" என்றுவிட்டார். இத்தனை வருடம் கேட்டு ஓய்ந்த மனுஷன். நானும் வற்புறுத்தவில்லை.

பையன் லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனான். அதிகம் பேசவில்லை. அக்காவிடம் மட்டும் ஏதோ பத்து நிமிஷம் பேசினான். அவன் திரும்பிப் போன பிறகு அக்காவுக்கு மெயில் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டர் பூட்டியிருக்கும், சாவி என்னிடம் இருக்கும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு பையோடு மாடி ஏறி வருவாள். இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதுவாள். நான் அடுத்த அறையில் இருப்பேன். ஒரு நாள் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்! எழுந்து போய் எட்டிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஐப்பசியில் அப்பா பத்திரிகைக்கு வாசகம் எழுதி, அவர்கள் வீட்டில் காட்டிவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாக பஸ். அன்றைக்கு வீட்டில் பையனின் அம்மா மட்டும் இருந்தார்கள். வாசகத்தைப் படித்துப் பார்த்து இரண்டு பெயர் சேர்க்கச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். பிறகு பூஜை அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்கள். நான் போட்ட பக்கத்தின் அச்சு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"தம்பி, ஜோசியரைத் தவிர இதை நான் வெளியாள் ஒருத்தர்கிட்டயும் காட்டலை. எங்க பையனுக்கு எட்டுல செவ்வாய். நாலு வருஷமா எத்தனை பேர் வேண்டாம்னு போனாங்க தெரியுமா? அதுக்குத் தோதா எட்டுல செவ்வாய் இருக்க பொண்ணு எங்கன கிடைக்கும்? உங்க அக்கா ஜாதகத்தைப் பாத்ததும் ஜோசியர் எந்திரிச்சு நின்னுட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல. முருகன் கொடுத்ததுன்னு திருச்செந்தூர் போயி மொட்டை போட்டுட்டு வந்தாரு எங்க வீட்டுக்காரரு."

தாளைப் பார்த்தேன். செவ்வாய் ரிஷபத்தில் இருந்தது. துலாத்திலிருந்து எண்ணினால் எட்டாம் இடம். அப்பா எத்தனையோ தாளில் எழுதியது மிதுனத்தில், ஒன்பதாம் இடத்தில். அக்காவுக்குத் தோஷமே கிடையாது.

"காப்பி ஆறிரும், குடிங்க" என்றார்கள். குடித்தேன். என்ன குடித்தேன் என்று தெரியவில்லை.

எட்டில் செவ்வாய் உள்ள பையனுக்கு அந்தத் தோஷம் இல்லாத பெண்ணைக் கட்டிவைத்தால் பெண்ணின் உயிருக்கே ஆகாது என்பது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே காதில் விழுகிற விஷயம். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார். அந்த அம்மாவுக்குத் தெரிந்தாலும் அதேதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று அந்த வயதில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் திரும்பி வரும்போது வழி முழுக்கத் துலாத்திலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நம்பிக்கை இல்லாதவன் எதற்கு எண்ண வேண்டும்? வெளியே மழை. ஜன்னலுக்குத் தார்ப்பாயைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆறு இருந்ததா, வயல் இருந்ததா, ஒன்றும் பார்க்காமல் வந்து சேர்ந்தேன்.

நேரே சென்டருக்குப் போய் அந்தப் பக்கத்தை இரண்டு பிரவுசரிலும் திறந்தேன். இங்கே மிதுனம், அங்கே ரிஷபம். எழுதியதை வரி வரியாகப் பார்த்தபோது தெரிந்தது. மேல் வரிசையில் மேஷத்துக்கான வெற்று அறை. அதைத் திறக்கிற குறியின் கடைசியில் வர வேண்டிய '>' என்கிற சின்னக் கோணம் விட்டுப்போயிருந்தது. அண்ணாச்சி அதை ஊகித்துத் தானே ஓர் அறை போட்டுக்கொண்டார். கறாரானது புரியாத குறி என்று தாண்டிவிட்டது. அறை ஒன்று குறைந்தது, பின்னால் இருந்தவை இடப்பக்கம் ஒரு வீடு நகர்ந்தன. வெற்று அறைகளுக்கு அது கோடும் போடாது, அதனால் மூலையில் ஓர் அறை குறைவதும் கண்ணுக்குத் தெரியாது. தேதியும் நேரமும் இருந்திருந்தால் எந்த ஜோசியரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருப்பார். அதைத்தான் போடவில்லையே.

மறுநாளே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் சொல்லவில்லை. வாய் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். யாரும் எங்கும் எதையும் கேட்கப் போவதில்லை. தையில் கல்யாணம் முடிந்துவிடும். அப்புறம் என்றைக்காவது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? ஒரு பிரசவம் கஷ்டமானால்? அப்போது நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இருக்க முடியாது என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காய்ப்பையைக் கீழே வைத்ததும் இரண்டு பிரவுசரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். பாபநாசத்தில் கேட்டதையும் சொன்னேன்.

அக்கா ரொம்ப நேரம் திரையையே பார்த்தாள். பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்க்கிற அதே முகம்.

"இதுல எது சரி?"

"நம்ம வீட்டு ஜாதகம் இந்தப் பக்கம் இருக்கது. ஆனா—"

"நான் அதைக் கேக்கலை. எது ஒழுங்கா காட்டுது?"

"அந்தப் பக்கம்" என்றேன். "நான் எழுதினதை எழுதினபடி காட்டுதது அதுதான். எழுதினது தப்பு. இது என் தப்பை மூடி மூடிக் காட்டியிருக்கு."

"இத்தனை மாசமா நீ மூடினதையே பாத்துட்டு இருந்திருக்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலில் கோபமே இல்லை. களைத்துப்போயிருந்தாள். "தள்ளிக்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவனுக்கு எழுதினாள். தமிழையே ஆங்கில எழுத்தில், இரண்டு விரலால். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. பத்து வரிகூட இருக்காது. அனுப்பிவிட்டு, "பதில் வார வரைக்கும் வீட்டுல எதுவும் பேசாத" என்றாள்.

அந்த வாரம் மழையில் டெலிபோன் லைன் செத்துப்போனது. எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று முறை நடந்தேன். "கேபிள்ல தண்ணி புகுந்துட்டுவே, எல்லாருக்கும்தான் இல்ல" என்றார் அங்கே இருந்தவர். அக்கா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சமைத்தாள். அப்பா நாதஸ்வரக்காரருக்குச் சொல்லிவிட்டு வந்து பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று வெளியே வந்து, தெருமுனையில் வேலையில்லாமல் நின்றேன்.

லைன் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாள். பதில் வந்திருந்தது. அவள் படித்தாள். மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி, "நீயும் படி" என்றாள்.

அவனும் தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். "நீங்கள் சொல்வது எனக்கு முன்பே தெரியும். இங்கே ஆய்வகத்தில் இரண்டு பிரவுசரும் இருக்கின்றன. முதல் நாளே இரண்டிலும் பார்த்தேன். ஒன்றில் ஒன்பது, ஒன்றில் எட்டு. எழுதியதில் எங்கே தப்பு என்றும் பார்த்தேன். எது உண்மையான ஜாதகம் என்று புரிந்தது. நாலு வருடமாக எல்லாரும் வேண்டாம் என்று சொல்லி அலுத்துப்போயிருந்தேன். அம்மா ஒப்புக்கொள்வது எதுவோ அதை அச்செடுத்து அனுப்பினேன். உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அது ஒரு சௌகரியம். பார்த்த பிறகு சொல்லப் பயம். ஒவ்வொரு மெயிலிலும் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அது தப்பு. எனக்கு இந்தக் கட்டத்தில் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன், காரணம் நான் என்று எங்கள் வீட்டில் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்களுடையது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "தெரிஞ்சே ஏமாத்தியிருக்கான் அக்கா."

"ஆமா" என்றாள். "அவன் அம்மாவை ஏமாத்தியிருக்கான். என்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கான். அதுக்கு அவனுக்குத் தனியா இருக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏலே, இத்தனை வருஷத்துல எத்தனை பேரு நம்ம ஜாதகத்தைப் பாத்தாங்க? எல்லாரும் வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடிப் பாத்தாங்க. சரின்னு சொல்ல ஒரு காரணம் தேடினது இவன் ஒருத்தன்தான்."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. "அப்பாகிட்ட?" என்றேன்.

"நான் சொல்லிக்கிடுதேன். எப்பன்னு எனக்குத் தெரியும். நீ வாயைத் தொறக்காத."

"சரி. அந்தக் கட்டத்தையாவது திருத்திப் போட்டுருதேன். ஒரு கோணம்தான், ஒரு நிமிஷம்" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். தப்பைச் செய்தவன் எதையாவது செய்தாக வேண்டுமே.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"திருத்த வேண்டாம். அந்தப் பக்கத்தை எடுத்துரு" என்றாள். "இனிமே அதை எவனும் பாக்க வேண்டாம்."